காப்பவர் திருவடி

பெங்களூருவின் தொம்மலூரில் சொக்கப்பெருமாள் ஆலயம் உள்ளது. அங்குள்ள பழைய தமிழ்க் கல்வெட்டுகளுள் ஒன்று, ஒரு கணவனும் மனைவியும் ஜலப்பள்ளி என்னும் ஊரின் நிலங்களையும் தொம்மலூர் ஏரி நிலங்களையும் இறைவனுக்கு அளித்த செய்தியைக் கூறுகிறது. ஆலயம் இன்றும் நிலைத்திருக்கிறது. ஏரியோ வீட்டுமனைகளாகி மறைந்துவிட்டது. அழிந்த அந்த ஏரிக்குப் பொறுப்பாளர் யார்?

இந்தக் கேள்வியின் கனத்தை 2024-ஆம் ஆண்டு அந்நகருக்கு உணர்த்தியது. மார்ச் மாதத்தில் அரசின் ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளுள் பாதி வற்றின. ஏப்ரல் 28 அன்று வெப்பம் 38.5 டிகிரியைத் தொட்டது. ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டிச் சாலைகள் வெள்ளக்காடாயின. செப்டம்பரில் டெங்குவைக் கொள்ளைநோயாகக் கர்நாடக அரசு அறிவித்தது.

இவை தனித்தனித் துன்பங்களாகத் தோன்றினாலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். ஆதலால் மழை பரவலாகப் பெய்யாமல் ஒரே வீச்சில் கொட்டுகிறது. அதை ஏந்தும் பாத்திரமாக இருந்தது ஏரி. பாத்திரம் இல்லாதபோது மழை இன்று வெள்ளமாகிறது, நாளை தாகமாகிறது. தாகத்திற்கு அஞ்சி மக்கள் குடங்களிலும் தொட்டிகளிலும் நீரைச் சேமிக்கின்றனர். மூடாத அந்த நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. உணவும் இதற்கு விலக்கல்ல. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைக் கடந்ததற்கு, கடும் வெயிலும் காலந்தவறிய மழையும் பயிரைக் கெடுத்தது ஒரு காரணம். வசதியுள்ளவருக்கு அது விலையேற்றம்; கூலித் தொழிலாளிக்கோ தட்டில் குறைந்த கறி.

வினை எவருடையது?

செய்தவனே பலனை அனுபவிக்கிறான் என்பது வினைக்கொள்கையைப் பற்றிய பொதுவான புரிதல். இங்கோ செய்தவர் வேறு, துன்புறுபவர் வேறு. வெயிலில் கல் சுமக்கும் தொழிலாளி காற்றை மாசுபடுத்தியது மிகச் சிறிதே. தொம்மலூரின் கழிவுநீர் சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாக பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்குச் சென்று, தென்பெண்ணையில் கலந்து தமிழகத்தை அடைகிறது. ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் அது நுரையாகப் பொங்குகிறது. அங்குள்ள உழவர் யாரை நோவார்? ஒவ்வொருவருடைய பங்கும் சிறிது. ஆகவே ஒவ்வொருவரும் தம்மை விடுவித்துக் கொள்கின்றனர். ஒரு கூடை மண்ணால் ஏரி தூர்வதில்லை என்பது உண்மையே. ஆனால் அது தூர்ந்தது கூடை கூடையாகத்தான்.

கொடுத்தவரினும் உயர்ந்தவர்

இதற்கு ஒரு விடையைத் தமிழ்ச் சாசன மரபிலேயே காணலாம். அறத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று அச்சாசனங்கள் எச்சரிப்பதுண்டு. அதனோடு நில்லாமல், இந்த அறத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேல் இருக்கட்டும் என்று கொடையாளி பணிவதும் உண்டு. இன்னும் பிறவாத ஒருவரை அவர் வணங்குகிறார்! அறம் செய்தவரைவிட அதைக் காப்பவரை அம்மரபு உயர்த்திப் போற்றுகிறது.

அழித்தவர் யார் என்ற கேள்வி தேவையானதே. சட்டமும் அரசும் அதை விசாரிக்க வேண்டும். ஆனால் காப்பவர் யார் என்ற கேள்வி எவரையும் விடுவதில்லை. ஏரியைத் தூர்க்காதவரும் காக்கும் கடமையிலிருந்து நீங்கியவர் ஆகார்.

ஒருவர் ஒரு வாளி நீரைச் சேமித்தால் வானம் குளிர்ந்துவிடுமா என்று கேட்கலாம். குளிராது. அக்காலத்திலும் ஏரியைத் தனியொருவர் காக்கவில்லை. ஊர் கூடிக் காத்தது. பெங்களூருவில் மழைநீர் சேகரிப்பு 2009-இல் சட்டமாயிற்று. அதை ஏட்டளவில் விடாமல் தம் கூரையில் நிறைவேற்றுவதும், மழைநீர்க் கால்வாயில் குப்பை கொட்டாதிருப்பதும், எஞ்சிய ஏரிக்காக அரசிடம் ஊராகத் திரண்டு கேட்பதும் காக்கும் அறமே. சர்ஜாப்பூர் சாலையிலுள்ள கைகொண்டரஹள்ளி ஏரியை மாநகராட்சியோடு இணைந்து குடிமக்கள் மீட்டெடுத்தனர். அதன் கரைக்கு இன்று பறவைகள் வருகின்றன.

தொம்மலூர்த் தம்பதியர் தாம் காணப்போகாத தலைமுறைகளுக்கும் பயன்பட அளித்தனர். பெற்றவர் அந்தக் கடனை அவர்களிடம் திருப்பித் தர இயலாது. இனி வருபவர்க்குக் காத்துக் கொடுப்பதே அதைத் தீர்க்கும் வழி.