திருமுழுக்கின் கட்டாயம்: தமிழ்நாட்டிலிருந்து ஒரு மறுபார்வை

கத்தோலிக்கர் திருமுழுக்கு என்றும் சீர்திருத்தச் சபையினர் ஞானஸ்நானம் என்றும் வழங்கும் நீர்ச்சடங்கு மீட்புக்கு இன்றியமையாததா என்ற கேள்விக்கு விவிலியம் ஒரே வரியில் விடை சொல்வதில்லை. யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் நீரினாலும் ஆவியினாலும் பிறக்க வேண்டியதை வலியுறுத்துகிறது. லூக்கா நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்திலோ, சிலுவையில் தொங்கிய கள்வன் துளி நீரும் படாமலே பேரின்ப வீட்டுக்கு உறுதி பெறுகிறான். திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரம் இவ்விரண்டையும்விடக் கூர்ந்து நோக்கத்தக்கது. கொர்னேலியுவின் வீட்டார்மேல் தூய ஆவி முன்னரே இறங்கிவிட்டபோதும், இனி நீர் எதற்கு என்று பேதுரு விட்டுவிடாமல், ஆவியைப் பெற்றவர்களுக்கு நீரை எவரும் மறுக்க முடியாது என்றே வாதிடுகிறார். அருள் சடங்குக்காகக் காத்திருக்கவில்லை. அதனால் சடங்கு தேவையற்றதாகவும் ஆகவில்லை.

இந்த இரட்டை நிலையைத் திருச்சபை நெடுங்காலமாக அறிந்தே வந்துள்ளது. 392இல் திருமுழுக்குப் பெறாமலே இறந்த உரோமைப் பேரரசன் இரண்டாம் வலெந்தினியானுக்காக மிலான் ஆயர் அம்புரோசு ஆற்றிய இரங்கலுரையில், அவன் விரும்பிக் கேட்ட அருள் அவனுக்கு மறுக்கப்படவில்லை என்ற கருத்தே மையமாக நின்றது. ‘விருப்பத் திருமுழுக்கு’ என்று பின்னாளில் பெயர் பெற்ற இக்கொள்கை, அதாவது பெற முடியாத நிலையில் பெற விழையும் மனமே சடங்கின் பயனைத் தரும் என்பது, 1547இல் திரெந்துப் பொதுச்சங்கத்தின் ஆவணத்திலும் இடம்பெற்றது.

நீர்முழுக்கு இன்று வேண்டியதே இல்லை என்போரில் ஒரு சாரார், அது தொடக்கக் கால யூதக் கிறித்தவர்களுக்கு மட்டும் உரியது என்றும், எபேசியருக்கான திருமுகம் கூறும் ஒரே திருமுழுக்கு ஆவியின் திருமுழுக்கே என்றும் வாதிடுவர். புறவினத்தானாகிய கொர்னேலியுவின் வீட்டாருக்கே பேதுரு நீர்முழுக்கை ஆணையிட்டதை இவ்வாதத்தால் விளக்க இயலாது. நீர்முழுக்கு வேண்டாம் என்போர் பக்கத்தில் இவ்வாதத்தைவிட எடையுள்ள சான்று இரட்சணிய சேனையின் வாழ்வே. 1883 முதல் திருவருட்சாதனச் சடங்குகளைக் கைவிட்ட அந்த இயக்கம், நாகர்கோவில் வட்டாரத்தில் நூறாண்டுக்கும் மேலாக நீர்முழுக்கின்றியே சபைகளைக் கட்டியெழுப்பி, மருத்துவமனைகளும் பள்ளிகளும் நடத்திவருகிறது. அதன் மக்களைக் கிறித்தவரல்லர் என்று கூற நேர்மையுள்ள எவராலும் முடியாது.

சடங்கில் எது உயிர்நாடி, எது உறுப்பு என்ற ஆய்வுக்கு மிகத் தெளிவான சான்று தமிழ் மண்ணிலேயே உண்டு. உரோமையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தெ தூர்னோன் 1704இல் வெளியிட்ட ஆணை, திருமுழுக்கின்போது குரு தம் உமிழ்நீரால் முழுக்குப் பெறுபவரின் காதையும் மூக்கையும் தொடும் பழைய வழக்கத்தை விடக்கூடாது என்றது. எச்சிலைத் தீட்டாகக் கருதும் சமூகத்தில் இது எத்தகைய அருவருப்பைத் தரும் என்பதை மதுரை மறைப்பணியின் இயேசு சபையினர் எடுத்துரைத்தனர். ‘மலபார் சடங்குகள்’ என்று பெயர் பெற்ற இவ்வழக்கு, 1744இல் பதினான்காம் பெனடிக்ட் கால வரம்புடன் விலக்களித்து முடிவு கூறும்வரை நாற்பது ஆண்டுகள் நீண்டது. உமிழ்நீரைத் தள்ளி வைக்கலாம், நீரைத் தள்ள முடியாது என்பதே அதில் தெளிந்த எல்லை.

ஆனால் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் நீரே இடறலானது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு தொடர்புடைய ஓ. கந்தசாமி செட்டியார், கிறிஸ்துவை ஏற்றும் திருமுழுக்குப் பெறாதிருப்பதன் காரணங்களை 1915இல் வெளிப்படையாக எடுத்துரைத்தார். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர், இத்தகையோரை ஆய்ந்து 1991இல் நூலாக வெளியிட்டார். அவர்களுள் பலர் குடும்பப் பெண்கள். கணவனையும் மக்களையும் துறக்காமல் நீரில் இறங்க இயலாதவர்கள்.

இன்னொரு தடை சட்டத்தால் எழுந்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட பின்னரும், கிறித்தவராகும் தலித்துகளை விலக்கியே நிற்கிறது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அவர் குழந்தையாகப் பெற்ற திருமுழுக்கையும் தேவாலயத்துக்குத் தவறாமல் செல்வதையும் சான்றாகக் கொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. ஆகவே பாலக்கோடு போன்ற ஒரு வட்டத்தில், கிறிஸ்துவை நம்பும் ஓர் ஆதிதிராவிட இளைஞனுக்குத் திருமுழுக்கு ஏடு வட்டாட்சியர் அலுவலகத்திலும் எடைபோடப்படும் ஆவணமாகிறது. மதம் மாறியதால் ஊராரின் தீண்டாமை அவனை விட்டு அகல்வதில்லை; அகல்வன பட்டியல் சாதியினருக்குரிய சட்ட உரிமைகள் மட்டுமே. இது வெளிப்படையான அநீதி.

இந்நிலையில் தயங்குபவனைக் கோழை என்று பழிப்பது, அம்புரோசு ஒரு பேரரசனுக்குக் காட்டிய பரிவை ஏழைக்கு மறுப்பதாகும். கிறிஸ்துவோடு இறந்து எழுவதை ஊரறிய அறிக்கையிடும் அடையாளமாகத் திருச்சபைக்குத் திருமுழுக்கு என்றும் தேவை. கடவுளின் அருளுக்கு அது வேலியாகாது. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்குக்காக ஆயத்தம் பெற்றுவரும் ஒருவர் இறந்தால் அடக்கச் சடங்கில் அவரை இறைமக்களுள் ஒருவராகவே கருதப் பணிக்கிறது. 1997இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பாலக்கோட்டையும் தன்னுள் கொண்டுள்ள தருமபுரி மறைமாவட்டத்திலும் இச்சட்டமே நடப்பில் உள்ளது. இறந்தவருக்கு அது அளிக்கும் அந்த இடத்தை, சட்டத்தின் நெருக்கடியால் நீருக்கு வெளியே நிற்கும் உயிருள்ளவருக்கும் பங்கு மன்றங்கள் அளிப்பதற்கு மறையியல் தடை எதுவும் இல்லை.