எச்சரிப்பு விளக்கு எரியும்போது...



சில வருடங்களுக்கு முன்பு, மும்பை தாராவியிலுள்ள ஒரு தமிழ்ச் சபையின் கன்வென்ஷனுக்காகச் சென்னையிலிருந்து விமானத்தில் புறப்பட்டேன். விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. நான் கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என்ஜின் இரைச்சல் அடங்கிற்று. பெல்ட் வயிற்றை அழுத்தியது. விமானம் நின்றே போயிற்று. "ஒரு எச்சரிப்பு விளக்கு எரிந்தது. பரிசோதிக்கத் திரும்பிப் போகிறோம்" என்று விமானி அறிவித்தார்.

உள்ளே ஒரே முறுமுறுப்பு! "ஒரு லைட்டு எரிஞ்சதுக்கா இவ்வளவு கூத்து?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். வெட்கத்தோடு எழுதுகிறேன், நானும் முறுமுறுத்தேன். ராத்திரி கூட்டத்தில் செய்தி கொடுக்க வேண்டியவன் நான் அல்லவா! அந்த விமானிக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

ஊர் திரும்பியபின், விமானப் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம் சபை அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் விளக்கின காரியங்கள் எனக்குப் பிரசங்கமாகவே இருந்தன.

1. முதலாவது நில், பிறகு ஆராய்ந்து பார்

"பாஸ்டர், பல ஜெட் விமானங்கள்ல 80 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 148 கிலோமீட்டர் ஒரு எல்லைக்கோடு. அதுக்கு முன்னாடி எச்சரிப்பு விளக்கு எரிஞ்சா நிறுத்திருவாங்க. அது நிஜமான கோளாறா, விளக்கே கோளாறான்னு ஓடிக்கிட்டே விவாதம் பண்ண மாட்டாங்க" என்றார் அண்ணாச்சி.

தேவ ஜனமே, நாமோ ஓடிக்கொண்டே விவாதம் பண்ணுகிறோம்! ஆவியானவர் உள்ளத்தில் உணர்த்தும்போது, "இது கர்த்தருடைய சத்தமா, என் சொந்த நினைவா?" என்று கேட்டுக்கொண்டே வேகத்தைக் கூட்டுகிறோம். வேகம் குறைவாய் இருக்கையில் நிற்பதற்குக் கொஞ்சம் நேரம்தான் நஷ்டம்.

2. சத்தம் கேட்டும் நிற்காதவர்கள்

1999 ஆகஸ்ட் 31. அர்ஜென்டினா தேசத்தின் புவனோஸ் ஐரிஸ் நகரில் ஒரு போயிங் 737 விமானம் கோர்தோபா நகருக்குப் புறப்பட்டது. விமானம் மேலே எழும்ப இறக்கைகளில் 'ஃபிளாப்' என்னும் பகுதிகளை இறக்கி வைக்க வேண்டும். விமானிகள் வேறு பேச்சுப் பேசிக்கொண்டே சரிபார்த்ததில் அதை மறந்துவிட்டார்கள். ஓடத் தொடங்கியதும் எச்சரிப்பு ஒலி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் நிற்கவில்லை. விமானமோ எழும்பவில்லை. அது வேலியை உடைத்து, சாலையைக் கடந்து, ஒரு காரையும் மோதித் தீப்பிடித்தது. 65 பேர் மாண்டார்கள். எச்சரிப்புக் கருவி சரியாய்த்தான் வேலை செய்தது. காது கேட்டது, மனம் கேட்கவில்லை.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இந்தப் பயணம் சேதமாய் முடியும் என்று பவுல் முன்கூட்டியே எச்சரித்தார். கைதியின் பேச்சை யார் கேட்பது? தென்றல் மெதுவாய் வீசினதும், நினைத்தது நடந்துவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். பிறகு வந்தது பெருங்காற்று. தேவ கிருபையால் 276 பேரும் உயிர் தப்பினார்கள், கப்பலோ உடைந்துபோயிற்று. காற்று சாதகமாய் வீசுவதால் எச்சரிப்பு பொய்யாகிவிடாது!

3. கையை எடுக்கும் நேரம் ஒன்று உண்டு

அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். 'வி-1' என்று ஒரு வேகம் உண்டு. விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு பயணத்துக்கும் அதைக் குறிக்கிறார்கள். அதுவரைக்கும் கேப்டனின் கை என்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் பிடியின் மேலேயே இருக்கும். அந்த வேகம் வந்ததும் கையை எடுத்துவிடுவார். அதற்குமேல் நிறுத்தப்பார்த்தால் பாதை போதாது. ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மேலே எழும்பிச் சுற்றிவந்துதான் இறங்க வேண்டும்.

வாலிபத் தம்பி, தங்கச்சி, நிச்சயதார்த்தத்துக்கு முன்னே உள்ளம் குத்தினால் நில். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதே. கல்யாணம் ஆனவர்களே, சின்னச் சின்னக் குறைகளுக்கெல்லாம் பிரேக்கைத் தேடாதேயுங்கள். ஜெபத்தோடு மேலே எழும்புங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவரே, உங்கள் கை இன்னும் பிடியின் மேல்தான் இருக்கிறது!

4. என் விளக்கு

அன்று விமான நிலையத்தில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தபோது, கர்த்தர் என்னோடு இடைப்பட்டார். மூன்று மாதத்துக்கு முன், நம் சபையில் கீபோர்டு வாசிக்கும் தம்பியை, யாரோ சொன்ன தவறான பேச்சை நம்பி, எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டேன். அவர் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். "ஏங்க, நீங்க பேசினது தப்புங்க. போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று என் மனைவி எத்தனையோ முறை சொன்னாள். "கன்வென்ஷன் முடியட்டும்" என்றேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் பிரசங்கித்துக்கொண்டே இருந்தேன்!

அங்கிருந்தே போன் பண்ணினேன். "தம்பி, நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். வெகுநேரம் பதிலே இல்லை. பிறகு, "சரி பாஸ்டர்" என்ற ஒரு வார்த்தை மட்டும்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தார். இன்றும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார். வேகமாய் ஓடி நின்ற விமானத்தின் பிரேக்குகள் கொதித்துப்போயிருக்குமாம். அவை ஆறும்வரை மறுபடி புறப்பட முடியாதாம். முதல் வாரமே நின்றிருந்தால் இவ்வளவு சூடு ஏறியிருக்காது. ஆறும்வரை காத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களுக்குள்ளே எந்த விளக்கு எரிகிறது? அதைத் துணி போட்டு மூடாதிருங்கள். இந்தப் பத்திரிகையை மடித்து வைக்குமுன் முழங்காலில் நில்லுங்கள். போக வேண்டிய வீட்டுக்கு இன்றைக்கே போங்கள். தாமதம் ஆனாலும் நீங்கள் போய்ச் சேருவீர்கள். அன்று நானும் தாராவிக்குப் போய்ச் சேர்ந்தேன், ஜனங்கள் காத்திருந்தார்கள்.

கர்த்தர்தாமே உங்களை எச்சரித்து, நிறுத்தி, நடத்துவாராக. ஆமென்.