சாட்டம் சதுக்கத்து இன்மை

நியூயார்க் நகரத்து மன்ஹாட்டனில், பௌரி என்னும் பெருவீதி தொடங்குகிற சாட்டம் சதுக்கத்தில், இரும்புத் தூண்கள் தாங்கிய ரயில் நிலையம் ஒன்று 1878 முதல் வீதிக்கு மேலே உயர்ந்து நின்றது. மூன்றாம் அவென்யூ வண்டிகளும், 1880-இல் ஓடத் தொடங்கிய இரண்டாம் அவென்யூ வண்டிகளும் அங்கே சந்தித்தன. மின்சாரம் வருமுன் நீராவி எஞ்சின்கள் கீழே நடப்போர்மீது சாம்பலையும் எண்ணெய்த் துளிகளையும் சிந்திக்கொண்டு போயின. தண்டவாளக் கட்டைகளின் இடுக்கில் கீற்றுக் கீற்றாக இறங்கிய வெயிலிலேயே பௌரியின் கடைகளும் ஏழைகளின் மலிவான விடுதிகளும் பல தலைமுறை வாழ்ந்தன. இரண்டாம் அவென்யூப் பாதை 1942-இல் நின்றது. 1955 மே 12-ஆம் நாள் மன்ஹாட்டனில் மூன்றாம் அவென்யூ வண்டியும் நின்றது, பிறகு இரும்பு முழுவதையும் அறுத்தெடுத்தார்கள், வீதி வெளிச்சமாயிற்று.

அழிந்த பொருளைப் பற்றி, நியாய தரிசனத்தாராகிய நம் நையாயிகர்களைப்போல் ஆழ்ந்து விசாரித்தவர்கள் அரியர். குடம் உண்டாகுமுன் அது இல்லாதிருந்த நிலையைப் பிராகபாவம் என்றும், உடைந்தபின் இல்லாதிருக்கும் நிலையைப் பிரத்வம்ஸாபாவம் என்றும் பிரித்து, முன்னதற்கு ஆதியில்லை, அந்தமுண்டு; பின்னதற்கு ஆதியுண்டு, அந்தமில்லை என்று அவர்கள் நிர்ணயித்தார்கள். சாஸ்திரக் கண்டிப்புடன் சொன்னால் இவ்வின்மைகள் தங்குமிடம் நிலையத்தின் அவயவங்களேயன்றி வீதியன்று. எனினும் விசாரணையின் சாரம் மாறுவதில்லை. 1878-க்கு முன் சாட்டம் சதுக்கத்தில் விழுந்த வெயிலையும் 1955-க்குப் பின் விழுகிற வெயிலையும் கண்ணால் வேறுபடுத்த இயலாது. ஆனால் முன்னது எதுவும் வராதிருந்த வெளியின் வெயில், பின்னது ஒன்று வந்து போன வெளியின் வெயில்.

பிரபாகர மீமாம்சகர் இதை ஒப்பார். இன்மை என்பது வெறும் தரையே, வேறு பதார்த்தமன்று என்பார். பௌத்த தார்க்கிகரோ, குடத்தை உடைக்கும் சம்மட்டி ஓடுகளை உண்டாக்குகிறதேயன்றி நாசத்தை உண்டாக்குவதில்லை, நாசத்துக்குக் காரணமே வேண்டா என்பார். இரண்டும் கூரிய வாதங்கள். ஆனால் வெறும் தரைதான் உண்டென்றால், குளிர்காலத்து மாலைகளில் அந்நிலையத்தின் படிகளில் ஏறி வண்டிக்குக் காத்துநின்ற தொழிலாளரின் காத்திருப்பு நிகழ்ந்தது என்பதற்கும் நிகழவேயில்லை என்பதற்கும் அத்தரையில் என்ன பேதம்? அந்தப் பேதத்தை விட்டுக்கொடுக்க என் மனம் இசையவில்லை. ஆகவே நான் நையாயிகர் பக்கமே நிற்கிறேன்.

ஆனால் அவர்களே இன்னொன்றும் சொல்கிறார்கள்: எதன் இன்மையோ அதனை, அதாவது பிரதியோகியை, அறிந்தவனுக்கே இன்மை புலப்படும். அந்நிலையத்தைக் கண்டவர்களும் கேட்டவர்களும் மறைந்தபின் இந்த இன்மையை அறிய மனிதரில் எவரும் எஞ்சார். ஆனால் அறிபவன் மனிதனாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. நையாயிகரான உதயனர் ஈசுவரனை ஸ்தாபிக்கும்போது, உலகம் காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும் என்று தொடங்குகிறார். பெரும்பாலோர் அந்த யுக்தியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ அவர் மதத்து ஈசுவரனுடைய ஞானம் நித்தியமானது, சர்வ விஷயமானது என்பதே பெரிதாகப் படுகிறது. உலகத்தை ஆக்கியவன் ஒருவன் வேண்டும் என்பதைவிட, பௌரியில் ஏறி இறங்கிய பெயர் தெரியாத ஒவ்வொருவரையும், அவர்கள் நின்ற மேடையையும், அது இல்லாமற்போனதையும் அறிந்தவன் ஒருவன் வேண்டும் என்பதே என் பிரார்த்தனைக்கு அண்மையில் இருக்கிறது.