பழைய இரும்பும் புதிய குழாயும்

நீண்ட பனிக்காலம் கொண்ட வட அமெரிக்க, ஸ்காண்டிநேவியப் பண்ணைகளில், மரத்தடியை அளவாக அறுத்து, அறுத்த துண்டை ஆப்பின்மீது தள்ளிப் பிளக்கும் விறகு இயந்திரத்தை, கழித்துப்போட்ட கருவிகளின் உறுப்புகளைக் கொண்டே அமைத்துக்கொள்வோர் உண்டு. பழைய மண்வாரியின் ஹைட்ராலிக் உருளை, அதாவது அழுத்தப்பட்ட எண்ணெயால் தண்டை முன்தள்ளும் உறுப்பு, 10 செ.மீ. உள்விட்டம் உடையதாயின், 175 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 14 டன் எடைக்கு ஈடான விசையைத் தரும். கசிவின்றி இருக்கும்வரை அதன் வயது அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. புதிய இயந்திரத்தை வடிவமைப்பவர் தேவையிலிருந்து உறுப்புக்குச் செல்கிறார். பழையதைக் கொண்டு அமைப்பவரோ கையிலுள்ள உறுப்பிலிருந்து தேவையை நோக்கிச் செல்வதால், வரைபடத்தைவிடப் பழைய இரும்புக் குவியலே அவருக்கு முதன்மையாகிறது. (இதைக் குறைந்த பொறியியல் எனக் கொள்வது பொருந்தாது, சற்றுக் கடினமானது என்பதே சரி.) ஆயினும் பழையவை எல்லாம் ஒரே தன்மையின அல்ல. இரும்பு பெரும்பாலும் தன் தேய்வைத் துருவாகவும் விரிசலாகவும் வெளியே காட்டிவிடுகிறது. உருளைக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாயோ பயன்படாமல் கிடந்தபோதும் உள்ளுக்குள் முதுமையடைவதால், சிக்கனத்தில் தேர்ந்தவர்களும் அழுத்தக் குழாய்களைப் புதிதாகவே வாங்குகின்றனர்.