கேட்பதற்கு ஓர் ஆள்

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊர் அடங்கிவிட்டது என்று நினைத்து நண்பருடைய தறிக்கூடத்துக்குள் நுழைந்தேன். திருவிழா இரைச்சலே தேவலை என்று ஆகிவிட்டது. நான்கு விசைத்தறிகளை ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். ஊடை நூல் அறுந்தால் ஒரு கம்பி முள் அதை உணர்ந்து தறியை நிறுத்திவிடுகிறது. பாவு அறுந்தால் தறிக்குத் தெரிவதில்லை. அது பாட்டுக்கு ஓடித் துணியைக் கெடுக்கும். அதை மனிதர்தான் கவனிக்க வேண்டும்.

"அவ்வளவு இழையில் ஒன்று அறுந்தால் எப்படித் தெரிகிறது, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கண்ணு தன்னால அங்க போயிரும்லா!" என்றார்.

பாவு அறுந்தாலும் நிற்கும் தறி புதிதல்ல. ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924-லேயே செய்துவிட்டார். 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பெனியே அதன் உரிமையை வாங்கியது. நண்பரும் அப்படிப்பட்ட தறிகள் வாங்கப் போகிறாராம்.

"பிறகு இவர் எதற்கு?" என்றேன்.

"தப்பு வந்தால் கேட்க ஓர் ஆள் வேண்டாமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2009 ஜூன் 1-ஆம் தேதி, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில், வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது. அதுவரை ஓட்டிவந்த தானியங்கி விலகிக்கொண்டது. அந்த உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி விமானிகளுக்கு இருக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் 228 பேரும் அட்லாண்டிக் கடலில் மாண்டார்கள். விமானிகள் தவறினார்கள் என்பது உண்மை. ஆனால் சுலபமான வேளையெல்லாம் கையைக் கட்டிப்போட்டு, கஷ்டமான வேளையில் மட்டும் "இந்தா, பிடி" என்பது என்ன நியாயம்? லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆங்கில மனோதத்துவ அறிஞர் 1983-லேயே இந்த முரண்பாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார்: பழகாத கை திறமை இழக்கும், இயந்திரம் கைவிடும் நேரத்திலோ அசாதாரணத் திறமை வேண்டியிருக்கும்.

தானியங்கியால் வானப் பயணம் பத்திரமாகியிருக்கிறது. அதை மறுக்க நான் வரவில்லை. அண்ணாச்சியின் கண்ணுக்கும் ஓய்வு வேண்டியதுதான். ஆனால் அந்தக் கண்ணின் பழக்கத்தை எடுத்துக்கொள்கிறவர் பொறுப்பிலும் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டாமா?

நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். புதுத் தறிகள் வந்தாலும் பழையது ஒன்றை அண்ணாச்சிக்கு விட்டுவைக்கும்படி. பதில் இன்னும் வரவில்லை.