சாவி யார் கையில்?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். வைத்திய வசதி இல்லாத ஒரு கிராமத்துக்கு நாம் நன்மை செய்யப் போகிறோம் என்று வையுங்கள். ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, பிரஷர் பார்க்கிற மிஷின், சுகர் பார்க்கிற மிஷின், நாலு நாற்காலி போட்டு ஒரு பராமரிப்பு மையம் திறக்கிறோம். சாயங்காலம் பூட்டுகிறபோது அந்தச் சாவி யார் வீட்டுக்குப் போகவேண்டும்? பணம் கொடுத்த நம்ம வீட்டுக்கா, அந்தத் தெருக்காரர் வீட்டுக்கா?

இது என்ன பெரிய கேள்வி என்பீர்கள். எனக்கோ, நாம் செய்வது அன்பா அதிகாரமா என்பது அந்தச் சாவியில்தான் தெரியும் என்று படுகிறது.

திருத்தணிக்காரர்களுக்கு முகாம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் தண்ணீர்ப் பந்தல், மருத்துவ முகாம், ஆம்புலன்ஸ் எல்லாம் வரும். கூட்டம் இறங்கிப் போனதும் அவையும் போய்விடும். சபைகள் நடத்துகிற இலவச முகாமும் அப்படித்தான். பேனர் கட்டுகிறோம், பிரஷர் பார்க்கிறோம், பத்து நாள் மாத்திரை கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். பதினோராம் நாள்? நம்ம ஊர் மலைக்கு 365 படி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரஷர் மாத்திரைக்கும் 365 நாள்தான் கணக்கு. ஒரே நாளில் ஏறி இறங்கிவிட முடியாது.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கம் தறி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அதனால் மாத்திரை தீர்ந்தாலும் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். சுகர் வியாதியில் கால் மரத்துப் போகும். முள் குத்தினால் தெரியாது, செருப்பு கடித்தால் தெரியாது. புண் நாறின பிறகுதான் தெரியும். அப்போது வேலூருக்கோ சென்னைக்கோ ஓடி விரலையோ காலையோ எடுக்கிறார்கள். வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் அநேகருக்குக் கால் மிஞ்சியிருக்கும். (ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெபமும் பண்ணுங்கள், மாத்திரையும் போடுங்கள். ரெண்டுக்கும் சண்டை கிடையாது.)

வயசானவர்கள் கதை இன்னும் பாரம். பிள்ளைகள் விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். படுக்கையில் கிடக்கிற தகப்பனைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை. முதுகில் புண் வைக்கிறது. இதற்குப் பெரிய டாக்டர் தேவையில்லை. ரெண்டு மணிக்கு ஒருதரம் புரட்டுகிற கை வேண்டும், அதை எப்படிச் செய்வது என்று அந்தக் கைக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

இப்போது அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். கிரேக்க பாஷை பேசுகிற விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் குறை வந்தது, முறுமுறுப்பு எழும்பிற்று. பன்னிரண்டு பேரும் என்ன செய்தார்கள்? தாங்களே ஆட்களை நியமித்துவிடவில்லை. தெரிந்துகொள்ளும் வேலையைச் சபையாரிடமே விட்டார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேருடைய பெயரையும் வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரைக்கும் எல்லாம் கிரேக்கப் பெயர்! குறை பட்ட பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். நம்ம பக்கத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். 1960 வரைக்கும் சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர் இது. வீட்டில் தெலுங்கு பேசி, வெளியே தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! வலியை ஒருவன் எந்தப் பாஷையில் சொல்லுவான்? தாய் பாஷையில்தான்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஜாம்கேடைச் சொல்லுவேன். மகாராஷ்டிரத்தில் வறண்ட ஊர். டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலே, அவர் மனைவி டாக்டர் மேபெல் ஆரோலே, இருவரும் நம்ம வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். 1970-ல் அங்கே வேலை ஆரம்பித்தார்கள். படித்த நர்சுகளைக் கிராமத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. அந்நிய ஊரில் தங்க அவர்களுக்கும் மனசில்லை, ஜனங்களும் ஒட்டவில்லை. பிறகுதான் ஊரே ஒரு பெண்ணைத் தெரிந்தெடுத்து அனுப்பட்டும் என்று வந்தது. வந்தவர்களில் அநேகர் எழுத்து தெரியாதவர்கள். தலித் பெண்கள் பலர். வாராவாரம் ஜாம்கேடுக்கு வந்து, ஜாதி பாராமல் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தங்கிப் படித்துப் போனார்கள். 1971-ல் அந்தப் பக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 ஒரு வயசு ஆகுமுன் இறந்துகொண்டிருந்தன. இருபத்தைந்து வருஷத்தில் அது முப்பதுக்கும் கீழே இறங்கிற்று. 1979-ல் அந்தத் தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவள் ஊர்த்தெருவில் பிரசவம் பார்க்க அழைக்கப்பட்டாளே, அதுதான்.

தூரத்தில் தேடவேண்டாம் என்றால் குடியாத்தம் பக்கம் கே.வி.குப்பம் இருக்கிறது. 1977 முதல் சி.எம்.சி.யின் 'ருசா' அங்கே கிராமம் கிராமமாக வேலை செய்கிறது. கேரளாவில் 1993-ல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் வலி நீக்கும் கிளினிக்காக ஆரம்பித்தது, 2000-க்குப் பிறகு மலப்புறம் பக்கமெல்லாம் தெருக்காரர்களே நடத்துகிற வேலையாக மாறிற்று. ஆட்டோ ஓட்டுகிறவர், கடைக்காரர், ரிட்டையர்டு வாத்தியார், காலேஜ் பிள்ளைகள் சில்லறை சேர்த்து, நர்ஸை வீடு வீடாக அழைத்துப் போகிறார்கள். மசூதிக்குப் போகிறவரும் கோயிலுக்குப் போகிறவரும் சர்ச்சுக்குப் போகிறவரும் அதில் உண்டு. 2008-ல் அந்த அரசாங்கமே இதற்கென்று ஒரு கொள்கை அறிவித்தது.

ஒரு ஆட்சேபணை உண்டு. அதை லேசாகத் தள்ளக்கூடாது. பணக்காரனுக்கு ஸ்பெஷலிஸ்ட், ஏழைக்கு மூன்று மாசம் படித்த பக்கத்து வீட்டு அக்காவா? இது ரெண்டாந்தர வைத்தியம் அல்லவா? அக்காவை மட்டும் வைத்துவிட்டு நாம் கை கழுவினால் அப்படித்தான் ஆகும். அவளுக்குப் பின்னால் ஒரு ஆரம்ப சுகாதார நிலையமும் டாக்டரும் இருந்தே ஆகவேண்டும். அவள் ஊசி போடக்கூடாது, குளுகோஸ் பாட்டில் ஏற்றக்கூடாது. நெஞ்சு வலி என்றால் 108-ஐக் கூப்பிடவேண்டும். எல்லை தெரிந்தவளை ஜனங்கள் நம்பலாம். கை உடைந்தால் புத்தூர் கட்டுக்கு நம்ம ஆட்கள் ஏன் ஓடுகிறார்கள்? பாட்டன் காலத்துப் பழக்கம், அந்த நம்பிக்கை. அது எல்லா எலும்புக்கும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம்பிக்கையை மிஷின் மாதிரி விலைக்கு வாங்க முடியாது.

இன்னொன்று: ஊழியம் என்று பெயர் வைத்து ஏழைப் பெண்ணிடம் இலவசமாக வேலை வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவளுக்கும் அடுப்பு எரியவேண்டும்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. அப்படியானால் நமக்கு என்ன வேலை என்கிறீர்களா? மாத்திரை வந்த வீட்டில் அதை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை தெரியும்.

கடைசியாக போர்டு. நம்ம சபை பெயரைப் போட்டால் கொடுக்கிற விசுவாசிகளுக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் போர்டைப் பார்த்து முருக பக்தர் வீட்டுப் பாட்டி படியேறத் தயங்கினால்? மாத்திரையோடு கைப்பிரதியைக் கொடுத்து, பயத்தில் இருக்கிறவளைச் "சரி" சொல்ல வைப்பதை நான் சாட்சியாக எண்ணுவதில்லை. தெருப் பெயரையே போர்டில் எழுதட்டும். வரவு செலவுக் கணக்கைச் சுவரில் ஒட்டட்டும். இடம் ஊர்த்தெருவில் இருந்தால் காலனிக்காரர் வரத் தயங்குவார். காலனியிலே வைத்தால் ஊர்த்தெரு முகம் சுளிக்கும். நான் காலனியிலேதான் வைக்கச் சொல்லுவேன். நடக்க வலுவுள்ளவர்கள் நடந்து வரட்டும்.

நம்ம சபையில் இதை ஆரம்பிக்க வாஞ்சையுள்ளவர்கள் வாடகைக்கு இடம் தேடுமுன் அந்தத் தெருவுக்குப் போய், ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்காவது முடியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்று பத்து வீட்டில் கேளுங்கள். ஒரே பெயர் நாலைந்து தரம் வரும். அவர் தெலுங்கு பேசுகிறவராக இருக்கலாம், நம்ம சபைப் பக்கமே வராதவராகவும் இருக்கலாம். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு என்னிடம் வாருங்கள், மற்றதைப் பேசுவோம்.