டிடிஎஸ் பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று அர்த்தமா, தம்பி?

போன வாரம் தெருவில் ஒரு தம்பி தன் பேங்க் ஸ்டேட்மென்டைக் காட்டினான். வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை. வெளிநாட்டு கிளையன்ட் மூன்று பேர். 2023 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷத்தில் 18 லட்ச ரூபாய் வந்திருந்தது. ஒரு பைசாகூட டிடிஎஸ் பிடித்தம் இல்லை. அதனால் வரியே இல்லை என்றிருந்துவிட்டான், ரிட்டர்னும் போடவில்லை.

தம்பி, பிடிக்க ஆள் இல்லை என்பதால் வரி இல்லாமல் போய்விடாது. டாலரில் வந்தாலும், இங்கே குடியிருந்து சம்பாதித்த பணத்துக்கு இங்கே வரி உண்டு. உன் அக்காவுக்குச் சம்பளம் கைக்கு வருமுன்பே வரி போய்விடுகிறது. அவள் கட்டுகிறாள், நீயும் கட்டு. உள்ளூர் கம்பெனி 10 சதவீதம் பிடித்திருந்தாலும் அதோடு முடிந்தது என்று நினைக்காதே. மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் பாக்கி தெரியும்.

அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவன் தொழிலுக்கு, வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்ற 44ஏடிஏ பிரிவு அந்த வருஷத்துக்கு இருந்தது. 18 லட்சத்தில் 9 லட்சம். அந்த வருஷப் புதிய முறையில் வரி 45,000, செஸ் சேர்த்து 46,800. இரண்டு வருஷமாகக் கட்டாமல் விட்டது இவ்வளவுதான்! அன்றைக்கே கட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். இப்போது மாதத்துக்கு 1 சதவீதம் என வட்டி ஏறி நிற்கிறது. தாமதக் கட்டணம் 5,000 வேறு.

விட்டுப்போன வருஷம் உனக்கும் இருந்தால், நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காதே. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு வருஷம் வரை ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போட்டு நீயே சரிசெய்யலாம். ஆனால் முதல் வருஷத்தில் 25 சதவீதம் கூடுதலாகக் கேட்பவர்கள், அடுத்தடுத்து 50, 60, 70 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உன் உழைப்பைத்தான் தின்கிறது.

இந்த வருஷத்துக்கும் சொல்கிறேன். டிடிஎஸ் போக வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் முறையை எடுத்தால் மார்ச் 15-க்குள் ஒரே தவணை. இல்லையென்றால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை. பணம் வந்த மெசேஜ் ஒலித்ததும் முதல் வேலையாக வரிப் பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடு. இஎம்ஐயும் புது லேப்டாப்பும் மிச்சத்தில் நடக்கட்டும்.

இன்று ராத்திரியே பான் நம்பரைப் போட்டு வருமான வரித் தளத்துக்குள் போ. எந்தெந்த வருஷம் ரிட்டர்ன் போடாமல் கிடக்கிறது என்று பார். நாளைக் காலையில் ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போய் உட்கார்.